அவிழ்த்து விடுவதா, கட்டிப் போடுவதா?

பாசிர் பெனம்பாங் தாண்டி, தஞ்சோங் காராங் போகும் சாலையில் இருந்து செம்பனைக் காட்டுக்குள் இறங்கினால் எங்கள் முனியாண்டி கோயில் வரும். வாசலில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. சிமெண்டுக் குதிரைதான். ஆனால் ராத்திரியில் ஐயா அதில் ஏறி எல்லை சுற்றி வருவார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் தாமானுக்குக் குடிபோன பிறகும் அந்தக் குதிரை அங்கேயே நிற்கிறது.

போன வருடத் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் கிளை இளைஞர்கள் சேர்ந்து கோயிலில் கோத்தோங் ரோயோங் வைத்தோம். குதிரைக்குச் சாயம் அடிக்கப் போனபோது, முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே வெடித்திருப்பது தெரிந்தது. உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்த்தது. "இத ஒட்டி என்ன பண்றது? உடைச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வச்சிடலாம்" என்றான் ஒரு பையன். எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் தாய்மாமா மட்டும் தலையை நிமிர்த்தினார். "நெசக் குதிரையவும் அப்படித்தாண்டா சொல்லுவாங்க" என்றார்.

மாமா தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் கோலாலம்பூர் பக்கம் போய், பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் ஓர் இடத்தில் பல வருடம் குதிரைக்காரராக வேலை பார்த்தவர். "லயத்துல பொறந்து லாயத்துல பொழைச்சவன்" என்று தன்னைப் பற்றி அவரே வேடிக்கையாகச் சொல்வார். அன்று மத்தியானம் அவர் எங்களுக்குச் சொன்ன ஒரு குதிரையின் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இந்து இளைஞர் ஏட்டில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் என் தம்பி, ஒன்றரை வருடம் போதைப் பழக்க மறுவாழ்வு இல்லத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தான். வீட்டில் தினமும் வாக்குவாதம். "வாசலைத் தாண்ட விடக்கூடாது" என்பார் அப்பா. "பாவம், புள்ளைய நம்பி விடுங்க" என்பார் அம்மா. இரண்டு பேருமே அவன் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. விழுந்து எழுந்து வந்தவனுக்கு நாம் செய்ய வேண்டிய தர்மம் எது? கட்டிக் காப்பதா, அவிழ்த்து விடுவதா? இந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாமாவின் கதை காதில் விழுந்தது.

ஒரு கயிற்றில் நிற்கும் உடம்பு

கதைக்கு முன்னால் குதிரையின் காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தயக் குதிரை ஒன்றின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ வரை இருக்கும். அதன் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, உண்மையில் நம்முடைய மணிக்கட்டுக்குச் சமமானது. அந்த மூட்டுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, மேலே தோல், இடையில் கயிறு மாதிரி ஓடும் தசைநாண்கள், இவ்வளவுதான். பேச்சில் நாம் இதையும் 'நரம்பு' என்றுதான் சொல்கிறோம். பந்து விளையாடும்போது 'குதிகால் நரம்பு இழுத்துக்கிச்சு' என்கிறோமே, அதுதான். மூளைக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பு வேறு, தசையை எலும்போடு கட்டும் இந்தக் கயிறு வேறு. பாடநூலில் இதற்குத் தசைநாண் என்று பெயர். பொருத்தமான பெயர். வில்லின் நாணைப் போல இது இழுபட்டு, ஆற்றலைச் சேர்த்து வைத்து, விடுபடும்போது காலை முன்னே வீசுகிறது.

குதிரை முழு வேகத்தில் பறக்கும்போது, ஒரு கணம் அதன் உடம்பு முழுவதையும் ஒரே ஒரு முன்னங்கால் தாங்குகிறது. அந்தக் கணத்தில் அந்தக் காலில் இறங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காலின் பின்புறம் தோலை ஒட்டி ஓடும் நாண், அறுந்துபோகும் எல்லைக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்புகிறது. அப்படி இழுபட்டு விடுபடுவதால் அதன் நடுப்பகுதி சூடாகி 45 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, நாம் கைதட்டி ரசிக்கும் அந்த வேகம் முழுவதும் ஒரு கயிற்றின் பொறுமையில்தான் நிற்கிறது.

கயிற்றில் சில இழைகள் விட்டுப்போனால் உள்ளே இரத்தம் கசியும், கால் சூடாகும், நாண் வில் போலப் புடைத்துக்கொள்ளும். "மொத நாள் பார்த்தா ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை" என்றார் மாமா. "குதிரை நடக்கும், திங்கும். காலைத் தடவிப் பார்த்தா மட்டும் ஒரு எடத்துல லேசா சூடு இருக்கும். வெள்ளனா எழுந்து, அந்தச் சூட்டைக் கையில கண்டுபிடிக்கிறவன்தான் குதிரைக்காரன்."

மாமா அவிழ்த்து விட்ட குதிரை

மாமாவின் பொறுப்பில் ஒரு செம்பழுப்புக் குதிரை இருந்தது. ஒரு நாள் காலைப் பயிற்சி முடிந்து வந்தபோது அதன் இடது முன்னங்காலில் அந்தச் சூடு தெரிந்தது. கால்நடை மருத்துவர் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நாணின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை மாதிரி தெரிந்தது. இழைகள் அறுந்த இடம் அது. முதல் சில நாள் காலில் குளிர்ந்த தண்ணீர் பாய்ச்சி, கட்டுப்போட்டு, அசையாமல் வைத்திருந்தார்கள். பிறகு மருத்துவர் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார். தினமும் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 10 நிமிடம் நடத்த வேண்டும். அடுத்த வாரம் 15 நிமிடம். அதற்கடுத்த வாரம் இன்னும் 5 நிமிடம். சில மாதம் கழித்து ஸ்கேனைப் பார்த்துவிட்டு மெல்லோட்டம். பிறகுதான் பாய்ச்சல். முழு வேகம் என்பது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் பேச வேண்டிய பேச்சு.

இரண்டு மாதத்தில் நொண்டல் போய்விட்டது. வீக்கமும் வடிந்தது. குதிரைக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது, ஆனால் வாழ்க்கை நான்கு சுவருக்குள். அது கதவை உதைத்தது, பலகையைக் கடித்தது, தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான்காவது மாதத்தில் ஒரு காலை, நடத்திக்கொண்டு போன மாமாவுக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த புல்வெளிக்குள் கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"ரெண்டு நிமிசம்தான்" என்றார். "வாலைத் தூக்கிக்கிட்டுப் பறந்துச்சு பாரு, அவ்வளவு அழகா அதை நான் பார்த்ததே இல்ல. நான்கூட கை தட்டினேன். மூணாவது சுத்துல நின்னுடுச்சு. முன்னங்காலைத் தரையில வைக்கல."

இரண்டாவது முறை விட்டது முதல் முறையைவிட மோசம். சில நாளில் ஒரு லாரி வந்தது. குதிரையை ஏற்றிக்கொண்டு போனார்கள். "எங்க கொண்டு போனாங்கன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டிருக்கணும்." மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் அதை அடிச்சதில்ல, பட்டினி போட்டதில்ல. பாசத்துலதான் அவிழ்த்து விட்டேன். பாசம்தான் அதைக் கொன்னுடுச்சோன்னு இன்னிக்கும் தோணும்."

எங்கள் பையன்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

கட்டிப் போட்டால் சரியாகிவிடுமா?

அப்படியானால் அப்பா சொன்னதுதான் சரியா? பூட்டி வைத்துவிட்டால் தீர்ந்ததா?

அங்கேதான் இந்த நாண் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அறுந்த இடத்தில் உடம்பு புதுத் தசைநாரை உடனே நெய்ய ஆரம்பித்துவிடும். ஆனால் அவசரத்துக்கு நெய்த துணி அது. நல்ல நாணில் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில், சீவிய தலைமுடி மாதிரி ஒழுங்காகக் கிடக்கும். காயத்தில் முளைக்கும் இழைகளோ கலைந்த முடிபோலத் தாறுமாறாகக் கிடக்கும், தரமும் குறைவு. அவற்றை ஒழுங்குபடுத்துவது எது தெரியுமா? பாரம். அளவான பாரம். நடக்கும்போது விழும் இழுப்பின் திசையைப் பார்த்துத்தான் இழைகள் தங்களை வரிசைப்படுத்திக்கொள்கின்றன. பாரமே படாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அந்த ஒழுங்கு வராது. சுற்றியுள்ள இடத்தோடு ஒட்டிக்கொண்டு, பலவீனமாகவே ஆறும். பாரம் மீறினால் புது இழை அறுந்துபோகும். ஆகவே கட்டிப் போட்டாலும் கேடு, அவிழ்த்து விட்டாலும் கேடு. ஆறுவதற்கான வழி இரண்டுக்கும் நடுவே, கையில் பிடித்த கயிற்றோடு நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலி போகும் நாளும் காயம் ஆறும் நாளும் ஒன்றல்ல. வலி சில வாரத்தில் போய்விடும். நாண் ஆறுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம். இடைப்பட்ட மாதங்கள்தான் மிக ஆபத்தானவை, ஏனென்றால் அப்போது பார்ப்பதற்கு எல்லாம் நன்றாக இருக்கும். அடிபட்ட அன்று ஓடிவந்து அழுதவர்கள் எல்லாம் அதற்குள் தங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? பையன் சிறையில் இருந்தோ மறுவாழ்வு இல்லத்தில் இருந்தோ வந்த முதல் வாரம் மாலை போடாத குறைதான். மூன்றாம் மாதம் அவன் மறுபடி தனியாக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சூடு போட்டவர்கள்

இந்த இரண்டு வழிக்கும் மேலே மூன்றாவதாக ஒரு வழியை மனிதர்கள் வெகுகாலம் நம்பினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குதிரையின் காலில் சூடு போடுவார்கள். நம் ஊரிலும் மாட்டுக்குச் சூடு போட்டது பழைய ஆட்களுக்குத் தெரியும். சூட்டால் நாண் பலப்படும் என்பது நம்பிக்கை. சூடு போட்ட குதிரைகளில் பல மறுபடி ஓடவும் செய்தன. ஆகவே நம்பிக்கை வளர்ந்தது. கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள். சூட்டினால் நாண் ஆறுவதில் எந்த நன்மையும் இல்லை. பின்னே ஏன் சில குதிரைகள் குணமாயின? சூடு போட்ட புண் ஆற வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தார்கள். குணப்படுத்தியது அந்த ஓய்வு. பெயர் மட்டும் இரும்புக்குப் போனது.

இதைப் படித்தபோது எனக்கு ரோத்தான் ஞாபகம் வந்தது. "அன்னிக்கு அப்பா வெளுத்த வெளுப்புலதான் நான் மனுசனானேன்" என்று பெருமையாகச் சொல்லும் அண்ணன்மார் நம்மிடையே எத்தனை பேர்! அடியா அவரை மனிதனாக்கியது? அடித்த அன்று ராத்திரி சோறு ஊட்டிய பாட்டியா, வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரியா, காத்திருந்த மனைவியா? நாம் கொடுத்த வலிக்குப் புகழைக் கொடுத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தவர்களை மறந்துவிடுகிறோம். இது சின்ன அநியாயம் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஒரு வருடம் ஆள் போட்டு, மருந்து போட்டு, ஸ்கேன் எடுத்து ஒரு குதிரையைப் பார்க்க வேண்டுமா? வேறு குதிரை வாங்கினால் ஆகாதா? நம் பாட்டன்மாருக்கு அடிபட்டபோது தோட்டத்தில் யார் இப்படிப் பார்த்தார்கள்?

வாங்கினால் ஆகாதா என்ற கேள்வி தமிழருக்குப் புதிதல்ல. மாணிக்கவாசகர் வரலாறு நமக்குத் தெரியும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டு போன பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டவர் அவர். பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாகத்தான் குதிரை வர வேண்டியிருந்தது. பல நூற்றாண்டு கழித்து, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வேதனையான செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அரசர்கள் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, காரணம் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை என்கிறார். அதைவிடக் கொடுமை, குதிரை விற்க வரும் வணிகர்கள் குதிரை வைத்தியர்களை அந்த நாட்டுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருடம் வியாபாரம் நடக்காதே! எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தப் புத்தி இன்றும் இருக்கிறது. பார்த்துக்கொள்வதைவிட வாங்குவது சுலபம் என்று ஒரு சமுதாயம் நினைக்க ஆரம்பித்தால், அந்த நினைப்பு குதிரையோடு நிற்காது. ஆளுக்கும் வரும். தோட்டத்தில் நம் முன்னோர் அனுபவித்தது அதைத்தான். அடிபட்ட ஆளைப் பெயர்ப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டுப் புது ஆளைப் போட்டார்கள். அந்த வலி தெரிந்த நாம், அதே கணக்கை வாயில்லாத உயிரிடம் போடலாமா?

நாம் குதிரைக்குப் பட்ட கடனும் ஒன்று உண்டு. பந்தயத்தை எட்டிக்கூடப் பார்க்காதவருக்கும் அந்தக் கடன் உண்டு. செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவரை நாகம் தீண்டினால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்து எங்கிருந்து வருகிறது? மலேசியாவில் பயன்படும் அம்மருந்துகள் பேங்காக்கில் உள்ள தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் அரசி சாவோபா நினைவு நிறுவனத்தில் தயாராகின்றன. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நம்மில் யாரோ ஒருவரின் தகப்பன் இன்றைக்கு உயிரோடு இருப்பது, பெயர் தெரியாத ஒரு குதிரையின் இரத்தத்தால்.

பந்தயக் குதிரை தானாக ஓட வரவில்லை. நமக்காகத்தான் அது தன் நாணை அறுந்துபோகும் எல்லைவரை இழுத்தது. அறுந்தால் அதன் பொறுப்பு நம்முடையது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5இல் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அப்போது அங்கிருந்த குதிரைகளுக்கெல்லாம் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. விளையாட்டை நிறுத்திவிடலாம், கதவைச் சாத்திவிடலாம். விளையாட்டுக்காக வளர்த்த உயிர் மறுநாளும் பசியோடு விழிக்கும்.

14ஆம் நாள்

இதற்கெல்லாம் எங்கே நேரம் என்பவர்களுக்கு மகாபாரதம் ஒரு பதில் வைத்திருக்கிறது. துரோண பருவத்தில் வருவது. பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம்.

போரின் 14ஆம் நாள். அபிமன்யுவைப் பறிகொடுத்த அர்ஜுனன், சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீயில் இறங்குவேன் என்று சபதம் செய்திருக்கிறான். ஒவ்வொரு நாழிகையும் உயிருக்குச் சமம். அந்த நாளின் நடுவே, தேர்க்குதிரைகள் அம்பு தைத்துக் களைத்துப்போகின்றன. ஜயத்ரதனோ இன்னும் தொலைவில் இருக்கிறான். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னும் இரண்டு சாட்டை அடி கொடுத்து ஓட்டியிருப்போம். அவர்கள் தேரை நிறுத்தினார்கள். அர்ஜுனன் தரையில் இறங்கி நின்று எதிரிகளைத் தடுத்தான். குடிக்கத் தண்ணீர் இல்லை என்றபோது அம்பால் பூமியைப் பிளந்து நீர்நிலை உண்டாக்கினான், அம்புகளாலேயே ஒரு கூடமும் அமைத்தான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைத் தன் கையாலேயே பிடுங்கி, உடம்பைத் தேய்த்து, நீர் காட்டி, தீவனம் வைத்து, களைப்பு நீங்கிய பிறகே மறுபடி பூட்டினான்.

கீதை சொன்ன வாய் அது. அதே ஆள், நான்கு குதிரைக்கு அம்பு பிடுங்கிக்கொண்டிருந்தான். கடமையின் தத்துவத்தைச் சொல்வதும் கடமை, குதிரையின் புண்ணைத் துடைப்பதும் கடமை. நாம் தேரோட்டியின் படத்தைப் பூஜையறையில் மாட்டியிருக்கிறோம். அந்தக் கையில் சாட்டையும் கடிவாளமும் மட்டுமா இருந்தன என்று யோசித்துப் பார்த்தோமா?

மறுபடி ஓடுமா?

மாமாவிடம் ஒரு பையன் கேட்டான்: "அப்படியே பொறுமையாப் பார்த்திருந்தா அது மறுபடி ரேஸ் ஓடியிருக்குமா?"

ஓடியவை உண்டு. 2016இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பையை வென்ற ஆல்மண்டின் என்ற குதிரை, தசைநாண் காயத்தால் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடாமல் இருந்து திரும்பி வந்தது. கேட்கவே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் வென்றதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. குதிரையின் சொந்த எலும்பு மச்சையில் இருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்த்துக் காயத்தில் செலுத்தும் புது சிகிச்சையிலும்கூட, 2012இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் நூற்றுக்கு 27 குதிரைகளுக்கு மறுபடி காயம் வந்தது. ஆறிய தழும்பு ஒருபோதும் பழைய நாணாக ஆவதில்லை. அது கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும்.

மாமாவின் பதில் வேறு மாதிரி இருந்தது. "ரேஸ் ஓடுமான்னு மொதலாளி கேக்கணும். நல்லா நடக்குமா, நிம்மதியாத் திங்குமான்னு குதிரைக்காரன் கேக்கணும். நானும் அன்னிக்கு மொதலாளி மாதிரிதான் இருந்தேன். அது ஓடுறதைப் பார்க்க எனக்குத்தான் ஆசை."

எவ்வளவு உண்மை! நான் என் மனசைத் தொட்டுப் பார்த்தேன். தம்பி குணமாக வேண்டும் என்று நான் வேண்டியது அவனுக்காகவா, அல்லது பழையபடி எல்லார் முன்னாலும் 'என் தம்பி' என்று தலைநிமிர்ந்து சொல்ல எனக்கு ஆசையா? பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று மேடையில் பேசுகிறோம். அந்தச் சொல்லுக்குச் சோதனை இங்கேதான் வருகிறது. பழையபடி ஆக மாட்டான் என்று தெரிந்தாலும் இன்றைக்குரிய பத்து நிமிடம் அவனோடு நடப்போமா?

குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏன் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது குதிரைக்குத் தெரியாது. மனிதனுக்குச் சொல்லலாம், அவனிடம் கேட்கலாம். நாங்கள் மூன்று பேரும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அவனிடம் கேட்கவில்லை. அன்று ராத்திரி கேட்டேன். "உனக்கு என்னடா வேணும்?" வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "மொத்தமா நம்பிடாதண்ணே. எனக்கே பயமா இருக்கு. ஆனா எதையாச்சும் நம்பிக் குடு."

சாக்கு நனைத்தவன்

'எதையாச்சும்.' அளவான பாரம் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் சொக்சோ நிறுவனம் 2007இல் இருந்து நடத்திவரும் 'மீண்டும் வேலைக்கு' திட்டத்தின் அடிப்படையும் இதுதான். அடிபட்ட தொழிலாளிக்குப் பணத்தை மட்டும் கொடுத்து வீட்டில் உட்கார வைக்காமல், சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்து, முடிந்த வேலையில் இருந்து தொடங்கித் திரும்ப அழைத்துவருவது. உங்கள் குடும்பத்தில் சந்தா கட்டிய ஒருவர் விபத்தில் அடிபட்டு முடங்கிக் கிடந்தால், தயவு செய்து பக்கத்துச் சொக்சோ அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

நாங்கள் கோயில் குதிரையை உடைக்கவில்லை. துருவைச் சுரண்டி, புதுக் கம்பி வைத்துக் கட்டி, சிமெண்டு பூசினோம். பூசிய சிமெண்டு உடனே காய்ந்துவிட்டால் வெடித்துவிடும் என்பது கட்டட வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாக்கு சுற்றி, ஒரு வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். "இத யாரு பார்ப்பீங்க?" என்று மாமா கேட்டார். நான் தம்பியின் பெயரைச் சொன்னேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஏழு நாள். காலையில் அவனோடு நானும் போனேன். மாலையில் மாமா போனார். நான்காம் நாள் அவன் போகவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். யாரும் திட்டவில்லை. நானே போய் ஊற்றிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் வெள்ளனா, நான் எழுவதற்கு முன்னாலேயே அவன் வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் பொறுப்பு. சில மாதம் கழித்துக் கோயில் சாவி. மோட்டார் சாவி இன்னும் கொடுக்கவில்லை. அதை அவனும் கேட்கவில்லை. இது வெற்றிக் கதை என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. இது நான்காவது மாதம் மாதிரிதான், இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, உங்கள் கிளையிலும் இப்படி ஒருவர் திரும்பி வந்திருப்பார். பரீட்சையில் தோற்றவராக இருக்கலாம், குண்டர் கும்பலை விட்டு வந்தவராக இருக்கலாம், விபத்தில் காலை இழந்தவராக இருக்கலாம். அவரைப் பார்த்து 'பழையபடி ஆயிட்டியா?' என்று கேட்காதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு நாற்காலி போட அவரைக் கூப்பிடுங்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் வராவிட்டால் மறுவாரமும் கூப்பிடுங்கள்.

எங்கள் முனியாண்டி கோயில் பக்கம் வந்தால் அந்தக் குதிரையைப் பாருங்கள். வெள்ளைச் சாயத்துக்கு அடியில் முன்னங்காலில் ஒரு கோடு தெரியும். அதை மறைக்க இன்னொரு பூச்சு பூசலாமா என்று பையன்கள் கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றார் மாமா.